பக்கத்து வீட்டாருக்காக: கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சில பயனுள்ள குறிப்புகள்

பிறரை நம்மைப் போல நேசிக்க வேண்டும் என்ற கட்டளையை ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடமாக ஒப்பித்துவிட்டோம். அது முதன்முதலில் வருவது லேவியராகமம் 19ஆம் அதிகாரம் 18ஆம் வசனத்தில். அதற்கு முந்திய பத்து வசனங்களை மனப்பாடப் போட்டிக்கு யாரும் கொடுப்பதில்லை. அறுப்பில் வயலோரத்தை ஏழைக்கு விட்டுவைப்பது, கூலியை மறுநாள்வரை இழுக்காமல் கொடுப்பது, கோள் சொல்லாமல் இருப்பது என்று பெரும்பாலும் வீடு வாசல் சம்பந்தப்பட்ட காரியங்கள். இயேசு எடுத்துச் சொன்ன கட்டளை இந்த வரிசையின் கடைசியில்தான் நிற்கிறது. ஆகவே பிரசங்கத்தை ஆயர்களிடம் விட்டுவிட்டு, அடுப்படியிலும் வாசலிலும் செய்யக்கூடியதை மட்டும் பார்ப்போம்.

1. பிடி அரிசிச் சம்படம். உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாகப் போட்டுவைப்பது திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து வீடுகளில் நம் பாட்டிமார் விடாமல் செய்தது. மிசோரம் திருச்சபைகளில் இன்றும் இது பெரிய அளவில் நடக்கிறது. குக்கர் வந்ததும் நம்மில் பலர் மறந்துவிட்டோம். மூடி இறுக்கமான ஒரு சம்படத்தை அரிசி டிரம்முக்குப் பக்கத்திலேயே வையுங்கள். தள்ளி வைத்தால் கை போகாது. நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதக் கடைசியில் ஒரு கிலோவுக்குக் குறையாமல் சேரும். வண்டு வராமலிருக்க நாலைந்து காய்ந்த மிளகாயைப் போட்டுவைக்கலாம். நாம் உண்கிற அதே அரிசிதான் சம்படத்துக்கும் போக வேண்டும். வீட்டுக்குப் பொன்னி, தர்மத்துக்கு ரேஷன் அரிசி என்று பிரித்தால் அது வேறு கணக்கு. கொடுக்கும்போது பையைத் திண்ணையில் வைத்துவிட்டு ஓடி வராதீர்கள். உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது வைத்துவிட்டு வாருங்கள்.

2. கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டு. எல்லா வீட்டுக்கும் ஒரே தட்டு என்பது நம் வசதிக்காகச் செய்வது. பிளம் கேக்கில் ரம்மோ ஒயினோ ஊறியிருந்தால் முஸ்லிம் வீடுகளுக்கு அது ஆகாது. பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்து இன்னொரு கேக் செய்தால் பிரச்சினை இல்லை. டிசம்பர் 25 பெரும்பாலும் சபரிமலை மண்டல விரதக் காலத்துக்குள்ளேயே விழுகிறது. மாலை போட்டிருப்பவர் வீட்டுக்கு முட்டை சேர்ந்த எதுவும் வேண்டாம். அச்சுமுறுக்கு மாவிலும் முட்டை ஊற்றுவோம் என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. கேட்க நினைத்தாலும் கூச்சப்படுவார்கள். ஆகவே கொடுக்கும்போதே 'இதில் முட்டை இல்லை' என்று நாமே சொல்லிவிட வேண்டும். முந்திரிக்கொத்து இதற்கு நல்ல பலகாரம்: பாசிப்பயறு, தேங்காய், கருப்பட்டி, மேல்மாவு அவ்வளவுதான். பிற வீட்டு அடுப்பில் சமைத்ததை உண்ணாத பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஒரு சீப்புப் பழம் போதும். பிரியாணி அனுப்புவதானால் கறி எந்தக் கடையில் வாங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.

3. அவர்கள் தரும் கொழுக்கட்டை. இதில்தான் பல வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். விநாயகர் சதுர்த்திக்கும் பொங்கலுக்கும் பக்கத்து வீட்டு அம்மா தட்டோடு வாசலில் நிற்கும்போது, கதவைப் பாதி திறந்து 'நாங்க சாப்பிட மாட்டோம்' என்று சொல்லும் வீடுகள் உண்டு. வாங்கி வைத்துக்கொண்டு பிறகு குப்பையில் போடும் வீடுகளும் உண்டு. இரண்டாவது இன்னும் மோசம். பாத்திரம் தேய்க்க வருகிறவர் கண்ணில் அது படாமல் போகாது, அந்த வீட்டுக்கும் அவர்தான் தேய்க்கிறார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 10ஆம் அதிகாரத்தில் இதற்கு நிதானமான வழி இருக்கிறது. அழைத்த வீட்டில் வைப்பதைக் கிளறிக் கேட்காமல் சாப்பிடலாம். இது படைத்தது என்று ஒருவர் சொன்னால், சொன்னவரின் பொருட்டு விட்டுவிடலாம். படைத்ததை உண்ண உங்கள் மனச்சாட்சி இடம் தரவில்லையென்றால் பண்டிகை நாளில் வாசலில் வைத்து அதைச் சொல்லாதீர்கள். வேறொரு நாள் சாவகாசமாகப் பேசும்போது, 'அக்கா, உங்க கொழுக்கட்டைன்னா எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு உயிர், படைக்கிறதுக்கு முன்னாடி எங்களுக்கு நாலு எடுத்து வச்சிருங்க' என்று கேளுங்கள். எடுத்துவைப்பார்கள். எத்தனையோ வீடுகளில், நாம் கேட்காமலேயே, நமக்கென்று தனியாக எடுத்துவைத்துத்தான் இத்தனை வருஷமும் கொடுத்திருக்கிறார்கள்.

4. தட்டைத் திருப்பும்போது வெறுந்தட்டாகக் கொடுக்கக் கூடாது என்பது தெரிந்ததே. வீட்டில் ஒன்றுமில்லை என்றால் இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை போதும். நாம் கொடுத்தனுப்பும் டப்பா திரும்பி வராவிட்டால் கேட்காதீர்கள்.

5. வீட்டு ஜெபக்கூட்டம். நாற்பது பேர் வந்தால் நாற்பது ஜோடிச் செருப்பு. அடுக்குமாடியில் அது எதிர்வீட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு பழைய சாக்கை உங்கள் பக்கத்துச் சுவரோரம் விரித்து, செருப்புகளை அதன்மேல் விடச் சொல்லுங்கள். இருசக்கர வண்டிகளை அடுத்தவர் கேட்டின் முன் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள வாலிபர் ஒருவரை வாசலில் நிறுத்தலாம். முந்தின நாளே இரண்டு பக்கத்து வீட்டிலும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் மைக் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அதிகாலையில் உரத்த சத்தமாகச் சொல்லும் வாழ்த்தும் சாபமாகவே எண்ணப்படும் என்ற கருத்து நீதிமொழிகள் 27ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒலிபெருக்கி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சாலொமோனுக்கு நம் தெரு தெரிந்திருக்கிறது.

6. கேரல் ரவுண்ட்ஸ். இரவு பன்னிரண்டு மணிக்கு டிரம்மோடு போனால்தான் கேரல் என்று ஆகிவிட்டது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கும் பேரொலி எழுப்பும் வாத்தியங்களுக்கும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் தடை இருக்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, கைக்குழந்தை இருக்கும் வீடு, டயாலிசிஸ் முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்தவர் என்று தெருவில் எல்லாம் இருக்கும். தெருவாரியாகப் பட்டியல் போட்டு மாலை ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குள் முடித்துவிடலாம். பத்து மணிக்குமேல் போயே ஆக வேண்டிய வீடுகளில் கிட்டார் மட்டும். கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாய் கொடுக்கும்போது நம் வீட்டுப் பிள்ளை, அடுத்த வீட்டுப் பிள்ளை என்று பார்த்துக் கொடுக்காமலிருக்க அவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

7. ஜெபக்குறிப்பு. 'இன்னார் மகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாளாம், பாரத்தோடு ஜெபித்துக்கொள்ளுங்கள்.' வாட்ஸ்அப் குழுவில் இது விழுந்த பத்து நிமிஷத்தில் சபை முழுக்கத் தெரிந்துவிடும். ஜெபித்தவர்கள் எத்தனை பேரோ. கோள் சொல்லித் திரிவதைத் தடுக்கும் வசனம், நேசிக்கச் சொல்லும் வசனத்துக்கு இரண்டே வசனம் முன்னால் இருக்கிறது. சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் பெயர், ஆஸ்பத்திரி வார்டு எண், நோயின் பெயர், கட்டிலில் படுத்திருக்கும் படம் எதையும் போடக் கூடாது என்று குழுவில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். 'ஒரு குடும்பத்துக்காக' என்று மட்டும் எழுதினாலும் கடவுளுக்கு முகவரி தெரியும்.

8. சம்பளமும் டம்ளரும். வேலைக்கு வருகிறவருக்குச் சம்பளத்தை மாதத்தின் முதல் தேதியே கொடுத்துவிடுங்கள். 'சில்லறை இல்லை, நாளைக்கு வாம்மா' என்பது நமக்கு ஒருநாள், அவருக்குக் குழுக் கடன் தவணை. அன்றாடக் கூலிக்கு வரும் கொத்தனார், சித்தாள், தென்னை ஏறுகிறவர் ஆகியோருக்குப் பொழுது சாய்வதற்குள் கொடுக்க வேண்டும். உபாகமம் 24 இதைத் தனியாகவே சொல்கிறது. அடுத்தது டம்ளர். கிறிஸ்தவ வீடுகளிலும் ஜன்னல் மேடையில் தனியாக ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறோம். 'சுத்தத்துக்காக' என்று காரணம் வேறு. நம் வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றையும் தேய்ப்பவர் கைதான் அந்தக் கை. இந்த நோய் நேற்று வந்ததல்ல. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கண்டிப்பாக உத்தரவிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். நற்கருணைப் பாத்திரத்தில் தொடங்கிய அந்தத் தகராறு இன்னும் சில கல்லறைத் தோட்டங்களின் குறுக்குச் சுவரில் நிற்கிறது. சுவரை இடிக்க நாளாகலாம். டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு கலந்து வைக்க இன்று காலையே போதும்.

9. சுவரைத் தாண்டும் முருங்கை. கிளை அந்தப் பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துக் காய் அவர்களுக்குத்தான். பேச்சே வேண்டாம். ஆனால் முருங்கையில் காயோடு கம்பளிப்பூச்சியும் வரும். மழைக்காலத்தில் அடிமரத்தில் கூட்டங்கூட்டமாக அப்பிக்கொண்டிருக்கும். அது அவர்கள் காயப்போட்ட துணியில் விழுந்து, அதைக் குழந்தைக்கு உடுத்தினால் உடம்பெல்லாம் தடித்துப்போகும். காய்ப்பு ஓய்ந்ததும் சுவருக்கு மேலே போகும் கிளைகளைக் கழித்துவிடுங்கள். அடிமரத்தைச் சாயங்காலம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். கூட்டமாக இருக்கும்போதே தீப்பந்தம் காட்டி அழித்துவிடலாம், மரத்தில் நெருப்புப் பிடிக்காமல் கவனமாக. வாடகை வீட்டுக்காரருக்கு மரம் இருக்காது. ஏசி தண்ணீர், மாடியில் துணி பிழிந்த தண்ணீர், தொட்டிச் செடிக்கு ஊற்றியது எல்லாம் எங்கே சொட்டுகிறது என்று ஒருநாள் கீழே இறங்கி நின்று பார்த்தால் தெரியும்.

10. துக்க வீடு. இறப்பு நேர்ந்த வீட்டில் அடுப்பு எரியாது. முதல் ஒரு மணி நேரத்தில் தேவைப்படுவது ஆறுதல் வசனம் அல்ல. ஃபிளாஸ்க்கில் காபி, ஒரு குடம் குடிதண்ணீர், பிளாஸ்டிக் நாற்காலிகள், போன் சார்ஜர். தகவல் சொல்லி ஓய்ந்து எல்லார் போனும் அணைந்துபோயிருக்கும். குழந்தைகளை நம் வீட்டுக்குக் கூட்டிவந்து இட்லி கொடுத்துத் தூங்கவைப்பது பெரிய உதவி. இந்து நண்பர்கள் பலர் காரியம் முடியும்வரை அசைவம் சேர்க்க மாட்டார்கள். சாப்பாடு சைவமாகவே போகட்டும், முட்டை கலந்த பிஸ்கட்கூட வேண்டாம். சடங்கு நடக்கும்போது ஒதுங்கி நில்லுங்கள், ஆனால் கிளம்பி வந்துவிடாதீர்கள். கைப்பிரதியை எக்காரணம் கொண்டும் அங்கே எடுக்கக் கூடாது. அழுகிறவர்களோடு அழச் சொன்ன பவுல், அழும்போது குறுக்கே பேசச் சொல்லவில்லை. பதினாறு முடிந்து உறவினர் எல்லாம் ஊருக்குப் போன பிறகுதான் வீடு வெறிச்சோடும். இருபதாம் நாள் போய் நில்லுங்கள். அன்று வாரிசுச் சான்றிதழ், வங்கிப் படிவம், கேஸ் இணைப்புப் பெயர் மாற்றம் என்று ஓடுவதற்கு ஆள் தேவைப்படும்.

11. நோயாளி. பார்க்கப் போகும்போது ஹார்லிக்ஸ் பாட்டில் வேண்டாம், நாலு வீட்டார் கொண்டுவந்தது ஏற்கெனவே அங்கே இருக்கும். கூட இருந்து கவனிப்பவருக்கு ஒரு வேளைச் சாப்பாடும், அவர் குளித்துவர இரண்டு மணி நேரமும்தான் அவசரத் தேவை. ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் மனதுக்குள். பொது வார்டில் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில். சபை வாலிபர்களின் இரத்த வகைப் பட்டியல் ஒன்று ஆயரிடமும் தெருவிலும் இருக்கட்டும். 18 முதல் 65 வயதுவரை, 45 கிலோவுக்குக் குறையாத எடை, 12.5க்குக் குறையாத ஹீமோகுளோபின் இருந்தால் இரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை.

12. தனியாக இருக்கும் முதியவர்கள். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருப்பார்கள். பால் பாக்கெட் எட்டு மணிக்கும் வாசலிலேயே கிடந்தால் மணி அடித்துப் பாருங்கள். மாற்றுச் சாவி ஒன்றும், மகனின் எண்ணும், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்து முடித்துவிடலாம், பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொடுங்கள். ஓடிபி வந்தால் அவரே பார்த்து அவரே தட்டச்சு செய்யட்டும். பின்னால் ஒரு பேச்சு வராது. முதியோர் உதவி எண் 14567ஐ எழுதி அவர் போனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

13. சாலையில் அடிபட்டவர். எரிகோவுக்கு இறங்கும் வழியில் விலகிப் போன இருவருக்கும் ஏதோ அவசர வேலை இருந்திருக்கும். நமக்குப் போலீஸ், கோர்ட் என்ற பயம். அந்தப் பயத்துக்கு இப்போது இடமில்லை. உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் வழிகாட்டுதல்களை உச்ச நீதிமன்றம் 2016இல் கட்டாயமாக்கியது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவே வந்துவிட்டது. சட்டத்தில் அந்த உதவியாளருக்கு வைத்திருக்கும் பெயரும் நல்ல சமாரியன்தான். பெயரைச் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. முதலில் 108. கழுத்தை அசைக்காதீர்கள், ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் ஊற்றினான் என்பதற்காக நாம் காபித் தூளையோ மஞ்சளையோ அப்ப வேண்டாம்.

14. கடன். அவசரத்துக்குக் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் தாங்கும் தொகையைக் கொடுங்கள், வட்டி வேண்டாம். ஜாமீன் கையெழுத்து மட்டும் யோசித்துப் போடுங்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. ஒப்பந்தத்தில் வேறாக எழுதியிருந்தால்தான் விலக்கு. அடுத்தவனுக்காகப் பிணைப்பட்டவனை நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம் வலையில் மாட்டிய பறவையோடு வைத்துப் பேசுகிறது. முடியாது என்று தெளிவாகச் சொல்வதும் ஒரு மரியாதைதான்.

15. வடமாநிலத் தொழிலாளர். அதே லேவியராகமம் 19இல், இன்னும் கொஞ்சம் கீழே, அந்நியனையும் உன்னைப் போலவே நேசி என்ற கட்டளை இருக்கிறது. பக்கத்து மனையில் கட்டடம் எழும்பும்போது தகரக் கொட்டகையில் குடும்பங்கள் தங்கியிருக்கும். குடிக்க நல்ல தண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். இல்லையென்றால் நம் குழாயிலிருந்து ஒரு ஹோஸ் போதும். சொந்த ஊர் ரேஷன் அட்டையோடு ஆதார் இணைந்திருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இங்குள்ள கடையிலேயே அவர்களுக்கான தானியத்தை வாங்கலாம். பலருக்குத் தெரியாது, கடைக்கு ஒருமுறை அவர்களோடு நடந்து போய்வாருங்கள். 'வடக்கன்' என்று நம் பிள்ளைகள் சொன்னால் அங்கேயே திருத்துங்கள். பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழக்குங்கள்.

16. வெள்ள நிவாரணப் பொட்டலம். உள்ளே கைப்பிரதி வைக்காதீர்கள். பசித்தவன் அதை அரிசிக்கான விலை என்றுதான் நினைப்பான். வாங்குகிறவர் முகம் தெரியப் படமும் எடுக்காதீர்கள். நாப்கின், கொசுவத்தி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, குழந்தைக்கு உலர்ந்த துணி ஆகியவற்றை மறந்துவிட்டு எல்லாரும் பிரெட்டையே கொண்டுபோகிறோம்.

17. கேட்கவும் தெரிய வேண்டும். கொடுக்கிற இடத்திலேயே நின்று பழகியவர்களுக்கு இது கஷ்டமான குறிப்பு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. நூற்றுக்கணக்கான பயணிகளுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள். உங்கள் சாமி எது என்று யாரும் கேட்டுப் பரிமாறவில்லை. லூக்கா 10இலும் உதவி செய்தவன் நம் சபைக்காரன் அல்ல, கதை கேட்டவர்கள் ஒதுக்கிவைத்திருந்த சமாரியன். எப்போதும் கொடுத்துக்கொண்டு, எதையும் வாங்காமலிருந்தால் பக்கத்து வீட்டார் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போவார்கள். ஆகவே ஊருக்குப் போகும்போது சாவியை அவர்களிடம் கொடுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். சர்க்கரை தீர்ந்தால் போனில் ஆர்டர் போடாமல் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு போங்கள். காபித் தூள் தீர்ந்திருந்தால் இன்னும் நல்லது, அங்கேயே உட்கார்ந்து குடித்துவிட்டு வரலாம்.